ஏ.எல்.டி. நோய் உள்ள 7 வயதுப் பையனுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை செய்தால் குணமாகுமா?

அக்காவின் மூத்த மகனுக்கு அட்ரினோலூகோடிஸ்ட்ரோபி, சுருக்கமாக ஏ.எல்.டி., என்று சொல்லியிருக்கிறார்கள். மூளையின் வெள்ளைப் பகுதியையும் அட்ரினல் சுரப்பியையும் கெடுக்கும் பரம்பரை நோய் அது. ஒரு மையத்தில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவனுக்கு ஒன்றரை வயதில் ஒரு தம்பி இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, தயவுசெய்து இப்போதைக்குப் பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள். எனக்கு இரண்டு மகன்கள். இரண்டு பேருக்கும் இந்த நோய்தான்.

மூத்தவன் இரண்டாம் வகுப்புவரை முத்து முத்தாக எழுதியவன். மூன்றாம் வகுப்பில் எழுத்து கோட்டை விட்டுச் சரிய ஆரம்பித்தது. கூப்பிட்டால் திரும்புவான், ஆனால் சொன்னது புரியாமல் "என்னப்பா? என்னப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். காது நன்றாக இருக்கிறது என்றார் காது டாக்டர். பள்ளியில் கவனக் குறைவு என்றார்கள். விரல் மூட்டுகள் கறுத்துக் கிடந்ததை, வெயிலில் கிரிக்கெட் ஆடியதால் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். அது அட்ரினல் சுரப்பி வேலை செய்யாததால் வந்த கறுப்பு. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது லோஸ் ஸ்கோர் 14. மூளையின் வெள்ளைப் பகுதி எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை 34 புள்ளிக்குக் கணக்கிடும் அளவு அது. பொதுவாக 9-க்குக் கீழே இருந்தால்தான் எலும்பு மஜ்ஜை மாற்று நல்ல பலன் தரும். எங்களுக்குக் காலம் கடந்துவிட்டது என்று டாக்டர் பக்குவமாகத்தான் சொன்னார். பெற்ற மனசு கேட்குமா? நகையை அடகு வைத்து, நீங்கள் சொல்வது போன்ற ஒரு மையத்துக்குத்தான் போனோம்.

அங்கே அவனுடைய இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, அன்றைக்கே முதுகுத் தண்டில் ஊசியாகப் போட்டார்கள். மூன்று தவணை, ஆறு லட்சம். இந்த நோய்க்குக் காரணம் ஏ.பி.சி.டி.1 என்ற ஜீனில் உள்ள பழுது. அந்தப் பழுது அவன் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது, எடுத்த மஜ்ஜையிலும்தான். அதே செல்லை அதே பிள்ளைக்குத் திருப்பிப் போட்டால் என்ன மாறும் என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் தவணையில், மயக்க மருந்து கொடுக்கும் முன், அட்ரினல் சுரக்காததற்கு ஈடாகக் கொடுக்கும் ஹைட்ரோகார்டிசோன் மருந்தின் அளவைக் கூட்டாமல் விட்டதில் அவனுக்கு ரத்த அழுத்தம் இறங்கி, கை கால் சில்லிட்டுப் போனான். அட்ரினல் பாதித்த ஏ.எல்.டி. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆபரேஷன் என்றாலும் அந்த மருந்தைக் கூட்டியே ஆக வேண்டும். இதை அக்காவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். இப்போது அவனுக்கு 14 வயது. படுக்கைதான், சாப்பாடு டியூப் வழியாக.

"ஸ்டெம் செல்" என்ற ஒரே பேரில் இரண்டு வேறு காரியங்கள் நடக்கின்றன. நாங்கள் போனது ஒன்று. நம் நாட்டில் ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஏற்கப்பட்ட நோய்களுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாம் முறைப்படி அனுமதி பெற்ற ஆராய்ச்சியாக மட்டுமே நடக்கலாம், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று என்னிடமும் சொன்னார்கள். அது சரியல்ல. அட்டாக்ஸியா டெலாஞ்சியெக்டேசியா என்ற அரிய நரம்பு நோய் உள்ள ஓர் இஸ்ரேலியச் சிறுவனுக்கு 2001 முதல் மாஸ்கோவில் கருவிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்களைச் செலுத்தினார்கள். நான்கு வருஷம் கழித்து அவன் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் தெரிந்தன. தண்டுவடக் கட்டியை எடுத்துச் சோதித்ததில், அது அவனுடைய செல்லே இல்லை, செலுத்திய செல்களிலிருந்து வளர்ந்தது என்று தெரிந்தது. 2009-ல் மருத்துவ இதழில் வந்த செய்தி இது.

இன்னொன்று, வேறொருவரின் நல்ல மஜ்ஜையை வைக்கும் மாற்று சிகிச்சை. அந்தச் செல்கள் ரத்தத்தில் ஊறி, மெல்ல மூளைக்குள் போய்க் குடியேறி, மேற்கொண்டு அழிவை நிறுத்துகின்றன. போனது திரும்பாது. நிற்பதற்கே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகலாம், அதற்குள் கொஞ்சம் மோசமாகவும் செய்யலாம். அதனால்தான் அறிகுறி வரும்முன்பே பிடிக்க வேண்டும் என்கிறார்கள்.

என் சின்னவனுக்கு அப்படித்தான் நடந்தது. அண்ணனுக்கு நோய் தெரிந்த வாரமே அவனுக்கும் வி.எல்.சி.எஃப்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை செய்தோம். அப்போது வயது 4, ஓடியாடிக்கொண்டிருந்தான். ஆறு மாதத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்து வந்ததில், 7 வயதில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அண்ணனுக்கும் அதே நோய் இருப்பதால் அவன் மஜ்ஜை ஆகாது. நானே கொடுத்தேன், பாதிப் பொருத்தம். பழைய மஜ்ஜையை அழிக்கக் கொடுத்த கீமோ மருந்தில் முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, எச்சில்கூட விழுங்க முடியாமல் கிடந்தான். மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்து நான்கு மாதம் இருந்தோம். இதில் பிள்ளையை இழந்த பெற்றோரையும் அங்கே பார்த்தேன், அதையும் மறைக்கக் கூடாது. இவன் பிழைத்தான். இப்போது ஐந்தாம் வகுப்பு. அட்ரினலுக்கான மாத்திரை மட்டும் வாழ்நாள் முழுக்க உண்டு.

பணத்துக்கு, 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையில் ஆரம்ப நிலை ஏ.எல்.டி.க்கான மாற்று சிகிச்சையும் இருக்கிறது. ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை உதவி உண்டு. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை அதற்கான மையங்களில் ஒன்று, அங்கே விசாரியுங்கள்.

அப்புறம், சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று யாராவது அக்காவைக் குத்திப் பேசினால் வாயை அடையுங்கள். இது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது, சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் அம்மா வழியாக வந்திருந்தால் உங்களிடமும் இருக்கலாம், நீங்களும் ஜீன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அக்காவின் பெரியவனுடைய லோஸ் ஸ்கோர் எத்தனை என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். மஜ்ஜை மாற்று செய்யலாமா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்துத்தான். அவன் தம்பிக்கு இந்த வாரமே வி.எல்.சி.எஃப்.ஏ. பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவிடுங்கள்.