ஓயில் சீலை வாங்கிக் கொடுத்தது யார்?

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்தவன். எனது பிராடோ ஜீப்பின் பின் அச்சில் ஓயில் கசிந்ததால், மட்டக்களப்பில் சீல் (ஓயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) வாங்கிக் கொடுத்து, கல்முனையில் ஒரு கராஜில் மாற்றினேன். மூன்றாம் கிழமையே மீண்டும் கசிந்தது. அதன் பிறகு குடும்பத்துடன் பொத்துவில் போய்வந்தோம். கேட்கப் போன என்னை மெக்கானிக் எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்தினார். பிறகு, கூலியில்லாமல் திரும்பப் போட்டுத் தருவதாக வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இன்னொரு கராஜில் டிஃபெரன்ஷியலும் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி) பழுது, நான்கு இலட்சத்துக்கு மேல் செலவாகும் என்கிறார்கள். கழற்ற அனுமதி கேட்கிறார்கள். முழுப் பணத்தையும் முதலாமவரிடம் அறவிட முடியுமா? பொலிஸில் முறையிடலாமா?

பதில்: அவமானத்தை விட்டுவிடுங்கள். பொலிஸையும் விட்டுவிடுங்கள், வேலை சரியில்லை என்பது மோசடி ஆகாது. உங்கள் வழக்கைத் தீர்மானிக்கப்போவது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு விடயம்: சீலை வாங்கிக் கொடுத்தது நீங்கள்.

அவரே சீலையும் வாங்கிப் போட்டிருந்தால் பொருளுக்கும் வேலைக்கும் அவரைப் பிடிக்கலாம். இப்போது அவருடைய பொறுப்பு கைவேலையோடு நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் அவரிடம் எதிர்பார்ப்பது உரிய கவனத்தையும் திறமையையும்தான். பொருத்தும்போது சீலின் உதட்டை, அதாவது தண்டோடு ஒட்டும் விளிம்பை, கிழித்தாரா, அச்சுத் தண்டில் பழைய சீல் தேய்த்த பள்ளத்தைக் கண்டும் சொல்லாமல் விட்டாரா, அல்லது நீங்கள் வாங்கியதே மட்டமான சீலா? டிஃபெரன்ஷியலின் காற்றுத் துவாரம் சேற்றில் அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறினாலும் புதுச் சீல் கசியும். இதில் எது நடந்தது என்பதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

கட்சிக்காரர்கள் விழுவது இங்கேதான். கோபத்தில் இரண்டாவது கராஜில் கழற்றச் சொல்லிவிடுகிறார்கள். அங்கே நிற்கும் பையன் சீலை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்து, கழிவு ஓயில் தகரத்துக்குள் எறிந்துவிடுகிறான். பின்னர் குறுக்கு விசாரணையில் வரும் முதற் கேள்வி, “என் கட்சிக்காரருக்குப் பிறகு இதைத் திறந்தது யார்?” என்பதுதான். தகரத்திலிருந்து தேடி எடுத்தாலும் பயனில்லை. நெம்பிய சீல் கிழிந்துதான் இருக்கும், அந்தக் கிழிசல் எப்போது வந்தது என்று யார் சொல்வது? “முதலில் செய்த வேலை பிழை” என்று இன்று உங்களிடம் அடித்துச் சொல்லும் மெக்கானிக்கும் சாட்சிக் கூண்டுக்கு வரமாட்டார். அவரும் அதே ஊரில் தொழில் செய்ய வேண்டுமே.

ஆகவே கழற்ற விடாதீர்கள். திகதி குறித்து முதலாமவருக்குப் பதிவுத் தபாலில் அறிவியுங்கள். சார்பற்ற மோட்டார் வாகன மதிப்பீட்டாளர் ஒருவரின் முன்னிலையில் திறவுங்கள். சீல் இருந்த இடத்தில் இருக்கும்போதே படம் எடுக்க வேண்டும். தண்டையும் காற்றுத் துவாரத்தையும் சேர்த்து. கழற்றிய சீல், பேரிங், பிரேக் ஷூ எல்லாவற்றையும் பையிலிட்டு, திகதியிட்டு, வந்தவர்களிடம் கையொப்பம் வாங்குங்கள். அவர் வராவிட்டால் தபால் பற்றுச்சீட்டு பேசும்.

டிஃபெரன்ஷியல் செலவை முழுதாக அவர் தலையில் கட்ட முடியாது. கசிவைக் கண்ட பிறகும் ஓயில் மட்டத்தைப் பார்க்காமல் பொத்துவில் வரை ஓட்டியவர் நீங்கள். தன் நட்டத்தைக் குறைக்க முயலாதவருக்கு நீதிமன்றம் இரங்காது. ஓயில் பிரேக்கில் ஊறியிருக்கக்கூடிய வண்டியில் குடும்பத்தை ஏற்றியதையும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி விடமாட்டார்.

என் ஆலோசனை: சமாதானமாகப் போங்கள். இந்தத் தொகைக்கு எப்படியும், இரு தரப்பையும் பேசித் தீர்க்க வைக்கும் மத்தியஸ்த சபையைத் தாண்டாமல் வழக்கிட முடியாது. அவர் அனுப்பிய செய்தியை அழிக்காதீர்கள். உங்கள் கையில் இருக்கும் நல்ல துருப்பு அது. கூலியோடு பேரிங், பிரேக் ஷூ செலவையும் கேளுங்கள். டிஃபெரன்ஷியலில் ஒரு பங்கு கிடைத்தால் இலாபம். ஆனால் “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற தாளில், டிஃபெரன்ஷியலைத் திறந்து பார்க்கும் முன் கையெழுத்திடாதீர்கள். பேச்சு இழுபட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட்டு வையுங்கள். அதற்கான மூன்று மாதக் கால எல்லை சீல் மாற்றிய நாளிலிருந்து ஓடுகிறது, சண்டை பிடித்த நாளிலிருந்து அல்ல.