மலர்ச்சாலையில் எம்பாம் பழகப் போகலாமா?

கேள்வி: "வயது 22. யாழ்ப்பாணத்தில் ஒரு மலர்ச்சாலையில் (இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யும் நிலையம்) எம்பாம், அதாவது பிரேதம் கெடாமல் மருந்தேற்றிப் பதப்படுத்தும் வேலை, பழக வரச் சொல்கிறார்கள். பிணம் கழுவுகிற வேலைக்கா போகிறாய் என்று வீட்டில் சண்டை. போகலாமா?"

தம்பி, சண்டை போடுவது அம்மாவாகத்தான் இருக்கும். கலியாணப் பேச்சு வரும்போது தரகரிடம் என்ன சொல்வது என்ற கவலை அவருக்கு. என் அம்மா, நான் கொழும்பில் "மருந்துக் கம்பனியில்" இருப்பதாக மூன்று வருடம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. பிரேதம் கெடாமல் ஏற்றும் போமலினை நாங்களும் மருந்து என்றுதான் சொல்வோம்.

கொழும்பில் பொரளையிலும் பிறகு யாழ்ப்பாணத்திலுமாக 26 வருடம் இந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை, கூட நின்று பழகியவன். எனக்குப் பழக்கியவர் ஒரு சிங்களப் பெரியவர். மாமா என்று கூப்பிடுவேன். அந்தச் சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான் என்பதால் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பிணம் கழுவுகிற வேலை என்று சொன்னால் எனக்குக் கோபம் வராது. கழுவுகிறோம்தானே. தாடையும் கழுத்தும் முதலில் விறைத்திருக்கும், பிடித்துவிட்டு இளக்குகிறோம். கழுத்து நாடியையோ தொடை நாடியையோ திறந்து, போமலின் கலந்த நீரை ஆளின் உடம்பைப் பொறுத்து 8, 10 லீற்றர் ஏற்றுகிறோம். நாளம் வழியாக இரத்தம் வெளியேறும். வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நீளமான ஊசிக்குழாய் தனி. கை நடுங்காத எவருக்கும் இதெல்லாம் சில மாதங்களில் பிடிபடும். பிடிபடாதது முகம். மருந்து ஏறினால் தசை இறுகிவிடும், பிறகு கண்ணையும் வாயையும் அசைக்க முடியாது. அதனால் முகத்தை முதலில் சரிசெய்துவிட்டு மருந்தை ஏற்ற வேண்டும். இதைக் கற்க நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு உங்களைவிட இரண்டு வயது கூட. வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர் ஒருவரின் பிரேதம் மாலையில் வந்தது. மகன் ரொறன்ரோவில். மூன்றாம் நாள்தான் வந்து சேருவார். வாயில் பல் ஒன்றுமில்லை, கன்னம் உள்ளே விழுந்திருந்தது. பல்செட் எங்கே என்று மாமா கேட்டார். ஆஸ்பத்திரியில் தொலைந்திருக்கும் என்றார்கள். அளவாகப் பஞ்சு வைத்து, வாயைத் தைத்து, மருந்தை ஏற்றிவிட்டு மாமா வீட்டுக்குப் போய்விட்டார்.

இரவு 11 மணிக்கு மருமகன் வந்தார். கையில் சில்வர் தம்ளர், தண்ணீருக்குள் பல்செட். மகன் தொலைபேசியில் சொல்லிவிட்டாராம்: அப்பாவைப் பல் இல்லாமல் சனம் பார்க்கக் கூடாது. இனி முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாமா இல்லாத நேரத்தில் ஒரு வேலையைத் தனியாகச் செய்துகாட்டும் ஆசை. தையலை வெட்டித் தாடையை நெம்பினேன். மேல் தட்டு ஒருவாறு போனது. கீழ்த் தட்டு போகவே இல்லை. உதடு மூட மறுத்தது, பசை போட்டு இழுத்து ஒட்டினேன். ஓரம் கிழிந்தது. விடியும்போது அந்த மனிதர் மேசையில் கிடந்து என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தார்.

மாமா வந்து பார்த்தார். திட்டவில்லை. சாயம் பூசும் தூரிகைகளை ஒவ்வொன்றாகக் கழுவத் தொடங்கினார், அவை ஏற்கெனவே சுத்தமாக இருந்தும். அதற்குள் மனைவி வந்துவிட்டார். எழுபதைத் தாண்டிய, மெலிந்த அம்மா. தலைமாட்டில் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு என்னிடம்தான் கேட்டார்: "வீட்டில் இவர் பல் போட்டதே இல்லையே, தம்பி. வெளியே போகத்தான் போடுவார். இப்போது எங்கே வெளிக்கிட்டு நிற்கிறார்?"

கழற்றச் சொன்னார். மாமாவுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. கிழிந்த இடத்தை மெழுகால் அடைத்தார். அந்த அம்மா பல்செட்டை அதே தம்ளரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். மகன் வந்து இறங்கியதும் பெரிய சத்தம். முதலாளி என் அரை மாதச் சம்பளத்தை வெட்டினார். மகனையும் குறை சொல்ல மாட்டேன். அவர் மனதில் இருந்த அப்பா பல் போட்டவர், வெள்ளைச் சட்டை போட்டு வெளியே கிளம்பியவர். ஆனால் அன்றிலிருந்து, பணம் கட்டுகிறவரிடம் கேட்கும் முன் தலைமாட்டில் உட்காரப் போகிறவர் யார் என்று விசாரித்து அவரிடம் கேட்கிறேன்.

இதற்குக் கீழே சிலர் வந்து எழுதுவார்கள் என்று தெரியும். அன்றைக்கே எரிப்பதல்லவா சைவ முறை, எதற்கு இந்த நஞ்சு என்பார்கள். பரதன் வந்து சேரும்வரை தசரதன் உடலை எண்ணெயில் இட்டு வைத்திருந்தார்களே, அது என்ன முறை? இன்றைய பரதன் கனடாவில் இருக்கிறான், விமான டிக்கெட் கிடைத்துத்தான் வருவான். நஞ்சு என்பது உண்மை, மறைக்கவில்லை. போமலினில் உள்ள போமல்டிஹைட் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே முடிவு செய்துவிட்டது. அதை மூச்சில் இழுப்பவர்கள் நாங்கள், கருத்து எழுதுகிறவர்கள் அல்ல.

முகம் காட்டுவது வீண் ஆடம்பரம் என்கிறவர்களுக்கும் ஒன்று. 2020 மார்ச் கடைசியிலிருந்து அடுத்த பெப்ரவரி வரை, கொரோனாவில் இறந்தவர்களைக் கழுவவும் கூடாது, எம்பாம் செய்யவும் கூடாது, எரிக்க மட்டுமே வேண்டும் என்று அரசாங்க உத்தரவு இருந்தது. எம்பாமே செய்யாத, மண்ணில் அடக்குவதையே மார்க்கமாகக் கொண்ட முஸ்லிம் சனங்களின் பிரேதங்களையும் எரித்தார்கள். மூடிய பெட்டிக்கு முன்னால் நின்றவர்களை நான் பார்த்தேன். உள்ளே இருப்பது அவர்தானா என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. எனக்கு எப்படித் தெரியும்?

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை: மரண அறிவித்தல். என் அம்மா போனபோது லண்டனில் இருக்கும் தம்பிதான் எழுதி அனுப்பினான். "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, பிள்ளைகள், மருமக்கள், சம்பந்திகள் என்று ஒரு முழம். ஒவ்வொரு பெயருக்கும் அடைப்புக்குறியில் பொறியியலாளர், கணக்காளர், நாடு. பதினான்கு வருடம் அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டிய, கலியாணம் செய்யாத என் அக்காவின் பெயர் மருமக்களுக்கும் பின்னால், அதுவும் எழுத்துப் பிழையோடு. எனக்கு அடைப்புக்குறிக்குள் "இலங்கை" மட்டும். தொழில் இல்லை. அம்மாவை அறிவித்தலில் போட்ட படத்தில் இருப்பதுபோல் கிடத்தி வைத்தவன் யார் என்று வந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

சரி, உங்கள் விடயத்துக்கு வருகிறேன். பெண் கிடைக்குமா என்றால், எனக்குக் கிடைத்தது, தாமதமாக. அதற்கு முன் இரண்டு இடத்தில், நான் இந்த வேலைக்கே "பிறந்த" ஆளா என்று சுற்றிவளைத்துச் சாதி கேட்டுவிட்டுப் போனார்கள். உங்களிடமும் கேட்பார்கள். சம்பளம் பெரிதில்லை, நேரம் காலம் இல்லை. திடீர் மரணம் என்றால் விசாரணை அதிகாரி விடும்வரை, உறவினர் என்ன அவசரப்படுத்தினாலும், ஊசியைத் தொடாதீர்கள். மருந்து ஏறினால் நஞ்சா இல்லையா என்று பிறகு பார்ப்பது கடினம், கேள்வி உங்களிடம் வரும்.

போகலாம் என்பதுதான் என் பதில். ஆனால் சம்மதம் சொல்லும் முன் அந்த மலர்ச்சாலையின் பின்னறைக்குப் போய்ப் பாருங்கள். காற்றை வெளியே தள்ளும் விசிறி ஓடுகிறதா, தூசி படிந்து நிற்கிறதா? உள்ளே போன அடுத்த நிமிடம் கண் எரிந்தால் வேறு இடம் தேடுங்கள். முதலாளிகள் வாசலில் மாபிள் போடுவார்கள், பின்னறையில் விசிறி போட மாட்டார்கள்.