மூங்கிலுக்கு நடுவுல மஞ்சள், இஞ்சி, மிளகு போடலாமா? கேளுங்க, சொல்றேன்

சத்தியமங்கலம் பக்கம் மூங்கில் தோப்புக்குள்ள மஞ்சள் போட்டுட்டு வர்றேன். தெரிஞ்சத சொல்றேன், ஊர் பேரும் எந்த மண்ணுன்னும் போட்டு கேளுங்க, அப்பதான் சரியா சொல்ல முடியும்.

கோபிலருந்து கேக்கறேங்க, செம்மண்ணு. முள் இல்லா மூங்கில் ஒரு ஏக்கர் வைக்கலாம்னு இருக்கேன். நர்சரில 5க்கு 5 மீட்டர்னு சொல்றாங்க, நடுவுல மஞ்சள் வருமா?

வருங்க, ஆனா 5க்கு 5 வேண்டாம். அது மூங்கில் மட்டும் வைக்கறவங்களுக்கான கணக்கு, ஏக்கருக்கு 160 கன்னு புடிக்கும், மூணாவது வருஷமே மேல கூடிக்கும், அப்பறம் மஞ்சளுக்கு வெயிலே இருக்காது. வரிசைக்கு வரிசை 8 மீட்டர், வரிசைக்குள்ள 4 மீட்டர் விடுங்க, ஏக்கருக்கு 125 கன்னு சுமாரா வரும். 35 கன்னு குறையுதேன்னு பாக்காதீங்க, அந்த எடத்துல வர்ற மஞ்சள்தான் மூங்கில் வெட்டுக்கு வர்ற வரைக்கும் உங்க வீட்டு செலவ பாத்துக்கும். வரிசை கிழக்கு மேற்கா ஓடட்டும், நடு சந்துக்கு நாள் பூரா வெளிச்சம் கெடைக்கும்.

தம்பி, மூங்கில் நெழல்ல ஒண்ணும் வெளையாதுன்னு எங்க ஊர்ல பெரியவங்க சொல்வாங்க. நீங்க வருங்கறீங்க?

பெரியவங்க பாத்தது சரிதாங்க ஐயா, காரணம் மட்டும் வேற. மஞ்சளும் இஞ்சியும் அரை நெழல தாங்கும். தாங்காதது மூங்கில் வேர. அதுக்கு ஆணிவேர் கெடையாது, எல்லாம் சல்லிவேர், முக்காவாசி மேல் ரெண்டடி மண்ணுலதான் பரவும், கிழங்கு பயிர் வேரும் அதே ஆழம்தான், அப்ப போட்டி வராம என்ன செய்யும். நான் இத பட்டுத்தான் கத்துக்கிட்டேன். ரெண்டாவது வருஷம் தூர்லருந்து ரெண்டடி தள்ளி இஞ்சி நட்டேன், செடி மேல பச்சையா நல்லாத்தான் இருந்துச்சு, தோண்டுனா கிழங்கு சுண்டுவிரல் தண்டி, அத சுத்தி மூங்கில் வேர் வலை பின்னுன மாதிரி புடிச்சிருந்துச்சு, வெதைக்கு போட்ட காசு கூட வரல.

அதுக்கப்பறம் தூர்லருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, ரெண்டு பக்கமும், ரெண்டடி ஆழத்துக்கு ஒரு அடி அகலத்துல வாய்க்கா மாதிரி எடுத்துட்டேன். வேர் அங்கயே நின்னுரும். வருஷா வருஷம் சித்திரைல, மஞ்சள் நடறதுக்கு முன்னாடி, அந்த குழிய சுத்தம் பண்ணி உள்ள எட்டிப் பாக்கற வேர வெட்டி விடணும், ஒரு வருஷம் விட்டா மறுபடி உள்ள வந்துரும். உதுந்த மூங்கில் எலைய அந்த குழிலயே தள்ளி விடுவேன், மழ தண்ணியும் அதுல எறங்கும். நெழல் கதை இதுக்கு அப்பறம்தான், கீழ் கிளைய ஆளு ஒசரத்துக்கு கழிச்சு விட்டாலே பாதி சரியாயிரும்.

அண்ணா மூங்கில் எலைய மண்ணு மேல மூடாக்கா பரப்பி போட்டா மஞ்சள் மொளைக்காதுன்னு சொல்றாங்களே?

நான் போடறேன்ப்பா, மொளைக்குது. சிலிக்கா ஜாஸ்தி இருக்கறதால சீக்கிரம் மக்காது, அது நல்லதுதான், களை வராது, ஈரம் நிக்கும். நட்ட ஒடனே மொத்தையா கொட்டாம மெல்லிசா தூவு, மொள வந்தப்பறம் கனமா போடு.

கொல்லிமலைங்க. மூங்கில்லயே மிளகு கொடிய ஏத்தி விடலாமா? தனியா மரம் வைக்கற செலவு மிச்சம்.

வேண்டாங்க. கழி வழுவழுன்னு இருக்கும், கொடியோட வேர் புடிக்காது. புடிச்சாலும் மூணு நாலு வருஷத்துல அந்த கழிய வெட்டணும்ல, மிளகு அப்பதான் நல்லா காய்க்க ஆரம்பிக்கும். வேலி ஓரமா சில்வர் ஓக்கோ கல்யாண முருங்கையோ வெச்சு அதுல ஏத்துங்க. நெழல் ஜாஸ்தின்னா பன்னியூர் 1ங்கற மிளகு ரகம் வேண்டாம், அது வெயில் கேக்கும், பன்னியூர் 5 தாங்கும். உங்க மலைக்கு திப்பிலியையும் யோசிங்க, நெழலும் ஈரமும் இருந்தா தரையிலயே படரும்.

மிளகாய், கொத்தமல்லி?

மொத ரெண்டு வருஷம் தாராளமா. அப்பறம் வெயில் பத்தாது.

இஞ்சி போன வருஷம் பூரா அழுகிருச்சு சார், மூங்கிலாலயா?

மூங்கில் மேல பழி போடாதீங்க, தண்ணி நின்னிருக்கும். இஞ்சிக்கு மேட்டுப்பாத்தி கட்டாயம். நோய் வராத வயல்லருந்து வெதை எடுங்க, மாங்கோசெப்புங்கற பூஞ்சாண மருந்த லிட்டர் தண்ணிக்கு 3 கிராம் கரைச்சு, வெதைய அதுல அரைமணி நேரம் ஊற வெச்சு நெழல்ல ஒணத்தி நடுங்க, இயற்கை முறைன்னா டிரைக்கோடெர்மாங்கற நன்மை செய்யற பூஞ்சாணத்த தொழுஉரத்துல கலந்து போடுங்க. அழுகுன எடத்துல அடுத்த வருஷம் மறுபடி இஞ்சியோ மஞ்சளோ வெக்காதீங்க, ரெண்டையும் ஒரே கிருமிதான் தாக்கும்.

மூங்கில் வெட்ட பாரஸ்ட்ல பர்மிஷன் வாங்கணுமா?

2017ல சட்டத்த திருத்தி, காட்டுக்கு வெளிய வளர்ற மூங்கில மரங்கற கணக்குலருந்து எடுத்துட்டாங்க. பட்டா நெலத்துல வளக்கறத வெட்டறது இப்ப சுலபம். இருந்தாலும் லாரில ஏத்தறதுக்கு முன்னாடி உங்க ஊர் ரேஞ்சர் ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுருங்க, பட்டா சிட்டா நகல் வண்டில இருக்கட்டும்.

தாளவாடி பக்கம், காட்ட ஒட்டி 2 ஏக்கர் இருக்குங்க. வைக்கலாமா?

அக்கா, நான் மனசார சொல்றேன், அங்க வேண்டாம். யானைக்கு மூங்கில்னா உயிரு, நீங்களே கூப்பிட்டு விருந்து வைக்கற மாதிரி ஆயிரும், குருத்து வர்ற மழக்காலத்துல காட்டுப்பன்னியும் வரும். அந்த நெலத்துல மஞ்சள மட்டும் தனியா போடுங்க, அத யானை திங்கறதுக்குன்னு தேடி வராது. மூங்கில் ஆசை இருந்தா ஊருக்குள்ள இருக்கற நெலம் எதாச்சும் இருக்கான்னு சொல்லுங்க, மண்ணு பாத்துட்டு எந்த ரகம்னு சொல்றேன்.