பூஞ்சை குடியிருக்கும் இடம்

அன்புள்ள ஐயா,

எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மருந்துக்கு அடங்காத கேண்டிடா பூஞ்சையை மூலிகைச் சாறுகளால் கட்டுப்படுத்த முடியுமா என்பது என் ஆய்வு. 14 செடிகளைச் சோதித்தேன். ஒரு சாறு தட்டில் அருமையான வளையம் காட்டியது, சாறு பட்ட இடத்தைச் சுற்றிப் பூஞ்சை வளரவே இல்லை. அதே சாற்றை, பூஞ்சை படலமாகப் படிந்த மருத்துவக் குழாய்த் துண்டின் மேல் விட்டபோது ஒன்றுமே நடக்கவில்லை. நான்கு முறை செய்தும் அப்படித்தான். "தோற்றுப்போன சோதனையை ஆய்வேட்டில் சேர்க்காதே, வளையத்தின் படத்தைப் பெரிதாகப் போடு" என்கிறார் வழிகாட்டி. சித்தர்கள் எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டார்கள், மிச்சத்தைச் செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள். என் இரண்டு வருடம் வீணா? முனைவர் பட்டத்துக்கும் இதே துறையில் தொடரலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

போன மாதம் எனக்கு மேல்வரிசைக்குப் பல் செட் வைத்தார்கள். "இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவிடுங்கள்" என்றார் பல் மருத்துவர். அன்றிலிருந்து அத்தை ஞாபகமாகவே இருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் ஆய்வேட்டுப் பஞ்சாயத்துகளுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

முதலில் திட்டிவிடுகிறேன். வழிகாட்டி சொன்னதை விடுங்கள், அவருக்கு அவருடைய கவலைகள். இரண்டு வருடம் வீணா என்று நீங்களே கேட்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நான்கு முறை செய்து நான்கு முறையும் ஒரே விடை வந்தால் அது எப்படித் தோல்வி? உங்கள் ஆய்வேட்டில் நான் நம்பிப் படிக்கப்போகும் பக்கமே அதுதான்.

சித்தர்கள் பற்றிய வரியைத் தாண்டிப் போகிறேன். அவர்கள் காலத்தில் யாருடைய கழுத்து நாளத்திலும் பிளாஸ்டிக் குழாய் செருகப்படவில்லை. செயற்கை நுண்ணறிவுக்கும் ஒரு வரி போதும்: வளையங்களைக் காட்டிப் பழக்கினால் அதுவும் வளையத்தைத்தான் தேடித் தரும்.

அந்த வளையத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். தட்டில் நீங்கள் பார்த்தவை அன்று காலையில் பூசிவிட்ட செல்கள், வீடு வாசல் இல்லாதவை. அவற்றை விரட்டுவது பெரிய காரியமில்லை. கிராம்பு எண்ணெயே விரட்டும். அதே கேண்டிடாவை ஒரு பிளாஸ்டிக் பரப்பில் ஒன்றிரண்டு நாள் விட்டுப் பாருங்கள். ஒட்டும், இழை விடும், சர்க்கரைச் சங்கிலிகளால் ஒரு கூழைச் சுரந்து தன்னைச் சுற்றிப் பூசிக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் கை வைத்தால் வழுக்குமே, அந்த மாதிரி. ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைக் கொடுத்தால் அந்தக் கூழில் இருக்கும் குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலியே மருந்தைப் பிடித்து நிறுத்திவிடும். தப்பி உள்ளே போனதை செல்லின் பம்புகள் வெளியே தள்ளும். அடியில் கிடக்கும் சில செல்கள் வளராமல், அசையாமல், மருந்து ஓயும்வரை காத்திருக்கும். எதிலும் ஒட்டாமல் மிதக்கும் செல்லைக் கொல்லும் அளவைப்போல் ஆயிரம் மடங்கு ஊற்றினாலும் சில மருந்துகளுக்குப் படலம் மசிவதில்லை. இதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். படித்த பிறகும் வளையத்தைப் பார்த்து மகிழ்ந்தீர்கள், இல்லையா? எல்லோரும் மகிழ்கிறோம். மருத்துவமனை ஆய்வகமும் பெரும்பாலும் மிதக்கும் செல்லை வைத்துத்தான் இந்த மருந்து கேட்கும், இது கேட்காது என்று எழுதித் தருகிறது. நோயாளியின் உடலில் இருப்பதோ ஒட்டிக்கொண்ட பூஞ்சை.

அத்தை என் அப்பாவின் அக்கா, தஞ்சாவூரில் இருந்தாள். 48 வயதில் மேல்வரிசை முழுக்கப் போய்ப் பல் செட் வைத்துக்கொண்டாள். 19 வருடம் கழித்துக் காரம் பட்டால் எரிகிறது என்றாள். மருத்துவர் என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். பல் செட் மூடியிருந்த இடம் மட்டும், ஓரம்கூடப் பிசகாமல், அச்சில் வார்த்ததுபோல் சிவந்திருந்தது. மஞ்சள் நிறச் சொட்டு மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் சிவப்பு மங்கும், அடுத்த மாதம் திரும்பி வரும். இப்படி மூன்று முறை. மூன்றாவது முறை நான் மருந்துக் கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன், பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று. அவர் மேல் ஒரு தவறும் இல்லை.

நான்காவது முறை வேறொரு மருத்துவர், இளம் பெண். வாயை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பல் செட்டைக் கையில் வாங்கினார். அண்ணத்தில் பதியும் பக்கத்தைத் திருப்பி ஒரு சிறு கரண்டியால் சுரண்டினார். ஆறிய கஞ்சியின் ஆடைபோல் சாம்பல் வெள்ளையாக ஏதோ வழிந்து வந்தது. "மருந்து அண்ணத்துக்குப் போயிருக்கிறது, பூஞ்சை குடியிருப்பது இங்கே" என்றார். பிறகு, "இரவில் இதைக் கழற்றுவீர்களா, அம்மா?" என்று கேட்டார். அத்தை என்னை வெளியே போகச் சொன்னாள். கதவு மெல்லிய பலகைதான், எல்லாம் கேட்டது. 19 வருடத்தில் மாமா ஒரு நாள்கூட அவளைப் பொக்கை வாயோடு பார்த்ததில்லையாம்.

அந்தப் பெண் உபதேசம் எதுவும் செய்யவில்லை. "விளக்கை அணைத்த பிறகு கழற்றுங்கள். அவர் எழுந்திருப்பதற்கு முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் மூடி போட்ட பாத்திரம் ஏதாவது இருக்கிறதா?" என்றார். இருந்தது, ஓர் எவர்சில்வர் சம்புடம். அதில் முன்பு பெருங்காயம் வைத்திருந்ததால் முதல் வாரம் முழுக்கக் காலைக் காபியில் பெருங்காயம் மணக்கிறது என்று புலம்பினாள். தினமும் பிரஷ்ஷால் தேய்த்து, இரவில் சம்புடத்துத் தண்ணீரில் போட்டாள். மருந்து அதே மஞ்சள் சொட்டு மருந்துதான். சிவப்பு திரும்பி வரவில்லை.

அந்த மருந்தின் பெயர் நிஸ்டாடின். நியூயார்க் மாநிலத்தின் பெயரைச் சுருக்கி வைத்தது. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள், இருவரும் அந்த மாநிலச் சுகாதாரத் துறை ஊழியர்கள். ஹேசன் நியூயார்க் நகரத்தில் மண்ணிலிருந்து நுண்ணுயிர்களை வளர்த்துப் பூஞ்சையோடு மோதவிடுவார். வென்றதைக் கண்ணாடி ஜாடியில் அடைத்துத் தபாலில் அதே மாநிலத்து ஆல்பனி நகரத்துக்கு அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து வேதிப்பொருளைப் பிரித்துத் திரும்பத் தபாலில் அனுப்புவார். பிறகு விலங்குகளில் சோதனை. பூஞ்சையைக் கொன்றவற்றில் ஏறக்குறைய எல்லாமே விலங்குகளுக்கும் நஞ்சாக இருந்தன. பூஞ்சை நமக்குத் தூரத்து உறவு. பாக்டீரியாவைவிட நம் செல்லுக்குத்தான் நெருக்கம். அதனால்தான் உடலுக்குள் பரவிய பூஞ்சைக்கு இன்றும் கைவிரல் மடக்கி எண்ணும் அளவுக்கே மருந்துக் குடும்பங்கள் இருக்கின்றன. கடைசியில் வர்ஜீனியாவில் ஹேசனின் நண்பர்களுடைய பண்ணையில் எடுத்த மண்ணில் அது கிடைத்தது. 1950இல் அறிவித்தார்கள். உரிமைத்தொகையாக வந்த 1 கோடியே 30 லட்சம் டாலரில் தங்களுக்கென்று ஒரு சல்லிக்காசு எடுத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். 1966 வெள்ளத்தில் நனைந்த ஃப்ளாரன்ஸ் நகரத்து ஓவியங்களில் பூஞ்சை படராமல் காத்ததும் இதே மருந்துதான். இவ்வளவு பெருமை உள்ள மருந்து எங்கள் வீட்டில் மூன்று முறை தோற்றது. ஒரு பாட்டிலில்கூடக் குறை இல்லை.

மருத்துவமனையிலும் இதே கதைதான். ரத்த நாளத்தில் செருகிய குழாயில் கேண்டிடா படிந்து ரத்தத்தில் இறங்கினால், மருந்து கொடுப்பதோடு முடிந்த சீக்கிரம் குழாயைக் கழற்றச் சொல்கிறார்கள். கழற்ற முடியாத நோயாளிகளும் இருக்கிறார்களே! உங்கள் துறை அவர்களுக்காகத்தான் இருக்கிறது. 2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து முதன்முதலாக விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ், 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் பூஞ்சைப் பட்டியலில் மிக ஆபத்தான வரிசையில் உட்கார்ந்துவிட்டது. பல மருந்துகளுக்கு அடங்காது. கட்டில் கம்பியில்கூட வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

ஆகவே கொல்லும் சாற்றைத் தேடுவதை ஓரமாக வைத்துவிட்டு, ஒட்டவிடாத சாற்றைத் தேடுங்களேன். கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற கேண்டிடா வகை தானே ஃபார்னசோல் என்று ஒன்றைச் சுரக்கிறது. கூட்டம் பெருகினால் இழை விடாமல் தன்னைத் தானே தடுத்துக்கொள்ளும் பொருள் அது. 2001இல் கண்டுபிடித்தார்கள். முன்கூட்டியே கொடுத்தால் ஆய்வகத்தில் படலம் சரியாகக் கட்டுவதில்லை. முற்றிய படலத்திடம் அதன் ஜம்பம் அவ்வளவாகச் சாயாது. உங்கள் 14 சாறுகளில் வளையமே காட்டாத ஏதாவது ஒன்று இந்த வேலையைச் செய்யுமா என்று பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். வளையம் இல்லை என்றதும் குப்பையில் கொட்டியிருப்பீர்கள்.

மேற்படிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது உங்கள் வீட்டாரும் வங்கிக் கணக்கும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். நீங்கள் பயன்படுத்திய குழாய்த் துண்டு சிலிகானா, பாலியூரிதேனா? படலத்தை எத்தனை மணி நேரம் வளரவிட்ட பிறகு சாற்றை ஊற்றினீர்கள்? கடிதத்தில் இரண்டுமே இல்லை. எழுதி அனுப்புங்கள்.