மரபணு மாற்றிய உயிர்களை வைத்துக் கலைஞரும் விஞ்ஞானியும் சேர்ந்து செய்யும் படைப்பு யாருடையது?

நீங்கள் ஓவியக் கல்லூரியில் படிப்பவர் என்று நினைக்கிறேன். "விஞ்ஞானி வண்ணம் மாதிரி ஒரு பொருளைத்தானே தருகிறார், படைப்பு கலைஞருடையதுதானே?" என்று கேள்விக்கு அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள் பாருங்கள், அது சுருக்கென்று தைத்ததால்தான் எழுதுகிறேன்.

நான் விஞ்ஞானி இல்லை. பெங்களூருவில் ஒரு ஆய்வுக்கூடத்தில் நாலு வருஷம் புராஜெக்ட் அசிஸ்டென்ட்டாகக் குப்பை கொட்டியவன். அங்கே ஓர் ஓவியர் வந்தார். இறந்துபோன தன் தாத்தாவின் கையெழுத்து, ஒளிரும் பாக்டீரியாவில் வளர வேண்டும் என்பது அவர் ஆசை. எங்கள் கைடு (ஆய்வுக்கூடத்தின் தலைமை விஞ்ஞானி) தலையாட்டிவிட்டு டெல்லிக்கு விமானம் ஏறிவிட்டார். வேலை என் தலையில்.

ஜெல்லி மீனிலிருந்து வந்த பச்சை ஒளிர்புரத மரபணுவை ஈ. கோலை என்ற பாக்டீரியாவுக்குள் ஏற்ற வேண்டும். இரண்டையும் கலந்து ஐஸில் வைத்திருக்கும் குழாயை 42 டிகிரி தண்ணீரில் 50 விநாடி வைத்து, சட்டென்று திரும்ப ஐஸுக்கு. அது சுலபம். எழுதுவதுதான் பாடு. பயிற்சி இல்லாதவர் மரபணு மாற்றிய கிருமியைத் தொடக்கூடாது என்பது எங்கள் கூடத்து விதி. அதனால் கையெழுத்து இருந்த தாளைக் கிருமி வளர்க்கும் பிளேட்டுக்கு அடியில் ஒட்டி, மேலே நான் லூப்பால், அதாவது கிருமியைத் தொட்டெடுக்கும் வளையக் கம்பியால், இழுத்தேன். அழுத்தினால் ஏகார் (கிருமி வளரும் ஜெல்லி) கிழியும், அழுத்தாவிட்டால் கோடு விட்டுப்போகும். தாத்தா பழைய காலத்து ஆள். பெயருக்கு அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. ராத்திரி முழுக்க 37 டிகிரியில் வைத்துக் காலையில் எடுத்தால் இரண்டு புள்ளியும் பெருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். சாதா வெளிச்சத்தில் பார்த்தால் காய்ந்த மோர்க்கறை மாதிரி. 17 பிளேட் போனது. 18-ஆவது, யுவி விளக்கில் பச்சைப் பசேலென்று சரியாக வந்தது.

பிளேட்டை வெளியே கொண்டுபோக முடியாது. படம் எடுத்த பிறகு ஆட்டோகிளேவில் (கிருமி கொல்லும் பிரஷர் குக்கர் மாதிரி ஒன்று) 121 டிகிரியில் வேகவைத்துக் குப்பைக்கு அனுப்பினோம். கண்காட்சியில் தொங்கியது அந்தப் படம். கீழே ஓவியர் பெயர், எங்கள் நிறுவனத்துக்கு நன்றி. அவ்வளவுதான்.

"பெயருக்கு அலைகிறான்" என்று மறுமொழியில் கிளம்புவீர்கள், தெரியும். அந்த யோசனை எனக்கு ஏழு ஜென்மத்திலும் வந்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன். நான் சொல்வது வேறு. பெரிய இடத்திலேயே இது தீராத வழக்கு. 2000-இல் எடுவார்டோ காட்ஸ் என்ற கலைஞர், பச்சையாக ஒளிரும் ஆல்பா என்ற முயலைத் தன் படைப்பாக அறிவித்தார். முயல் இருந்தது பிரான்ஸின் அரசு வேளாண் ஆய்வு நிறுவனத்தில். தனக்காகவே உருவாக்கியது என்றார் காட்ஸ். ஆராய்ச்சிக்காக ஏற்கெனவே இருந்த முயல்களில் ஒன்று என்றார் அங்கிருந்த விஞ்ஞானி லூயி-மாரி ஊத்பீன். முயலை வெளியே விடவே இல்லை. உலகம் பார்த்ததும் ஒரு படத்தைத்தான். அந்த முயலுக்குத் தினமும் தீனி வைத்தவர் யார் என்று எந்தக் கட்டுரையிலாவது படித்திருக்கிறீர்களா?

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. பெங்களூரு சிருஷ்டி கலைக்கல்லூரி மாணவர்கள் 2009-இல் தாங்களே ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, மழை பெய்த மண்வாசனை தரும் ஜியோஸ்மினை ஈ. கோலையிலிருந்து வரவைக்க முயன்றார்கள். கிருமியைத் தானே வளர்த்த கலைஞர் இப்படிக் கேள்வி கேட்கமாட்டார்.

விஷயத்துக்கு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த 18 பிளேட் போட்ட மாதம் எனக்கு ஃபெலோஷிப் பணம் வராமல் ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஃபைல் மேலே போயிருக்கிறது என்பார்கள். மேலே என்றால் எங்கே என்று கடைசிவரை தெரியவில்லை. கண்காட்சித் திறப்பு விழாவுக்கு பஸ்ஸில் போய்வரக் காசு பார்த்துக்கொண்டிருந்தவனிடம் "கலைக்கு விலை உண்டா" என்று ஒருவர் பேசினார். எதற்கு அதெல்லாம்.

ஓவியர்மேல் எனக்குக் கோபமில்லை, இன்றும் பேசுவோம். திறப்பு விழாவுக்கு வந்த அவருடைய அம்மா படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்பா புள்ளிய இவ்வளவு தள்ளி வைக்க மாட்டாரே" என்றாராம். தள்ளி வைத்தது நான். ஒட்டிக்கொள்ளாமல் இருக்கட்டும் என்று.