பாலம் தாண்ட வேண்டுமா?

அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

எனக்குத் தங்கச்சிமடம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். மகள் இங்கே அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாவது முடிக்கிறாள். டாக்டருக்குப் படிக்கணும் என்கிறாள். ராமநாதபுரத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தேர்ச்சி விழுக்காடு அதிகமாம், அங்கே சேர்க்கச் சொல்கிறார்கள். கலாம் ஐயாவே அங்கே போய்த்தானே படித்தார் என்கிறார் என் நாத்தனார். என்ன செய்யட்டும்?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கலாம் ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்தது உண்மைதான். ஆனால் அங்கேயே தங்கிப் படித்தார். தினமும் பாம்பன் பாலம் தாண்டிப் பேருந்தில் போய்வரவில்லை. இதை நாத்தனாரிடம் சொல்லுங்கள்.

டாக்டர் ஆசை இருப்பதால் ஒன்றை முதலில் பாருங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். நீட்டிலும் தேற வேண்டும். உதவி பெறும் பள்ளி இதில் சேராது. இப்போது மாற்றினால் மூன்று வருடம் சேர்த்து வைத்தது வீண். கல்லூரி போகும் பெண்களுக்கு மாதாமாதம் வரும் புதுமைப்பெண் ஆயிரம் ரூபாய் அப்படியில்லை, உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் இப்போது உண்டு.

தேர்ச்சி விழுக்காட்டுக்கு வருவோம். 40 பேர் எழுதி 2 பேர் தவறினாலும் 95தான், 300 பேர் எழுதி 15 பேர் தவறினாலும் 95தான். நான் படித்த பள்ளி ஒரு வருடம் நூற்றுக்கு நூறு வாங்கியது. தேறமாட்டான் என்று நினைத்த மூன்று பையன்களுக்கு ஒன்பதாவதிலேயே டிசி கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான் ரகசியம். அதில் ஒருத்தன் இன்றைக்குப் படகு டிரைவர், என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவான். அதனால் ஒன்பதாவதில் எத்தனை பேர், பத்தாவது எழுதியது எத்தனை பேர் என்று கேளுங்கள்.

அப்புறம், பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளி உயர்நிலையா மேல்நிலையா? உயர்நிலை என்றால் பத்தாவதோடு சரி. பிளஸ் ஒன்னுக்கு எந்த அரசுப் பள்ளி, அங்கே உயிரியல் குரூப் உண்டா, இயற்பியலுக்கு ஆள் இருக்கிறாரா? ஆசிரியர் கலந்தாய்வில் மாறுதல் வாங்கிப் போனவரின் இடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும். எங்களுக்கு இயற்பியல் வாத்தியார் வந்தது நவம்பரில்.

மே மாதமே போய் விசாரியுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை, வீட்டுக்காரர் கரையில்தான் இருப்பார், அவரையும் கூட்டிப்போங்கள். அவர் தலைமையாசிரியரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பெண்பிள்ளைகள் கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.