‘மூன்று வருடம் தாண்டிவிட்டதே, இன்னுமா கடன்?’

கேள்வி: ஐயா, 2019-ல் எனக்கு வேலை போனது. அப்போது கிரெடிட் கார்டில் 86,000 ரூபாய் பாக்கி. கடைசியாகப் பணம் கட்டியது 2019 ஜூன். அதன் பிறகு ஏஜென்ட்கள் பேசிய பேச்சைச் சொல்லி மாளாது. என் மைத்துனருக்கும் பழைய மேலாளருக்கும்கூட போன் போட்டு அசிங்கப்படுத்தினார்கள். 2023 நவம்பரில் இரண்டு பேர் வீட்டுக்கே வந்தார்கள். வாசலில் நின்று கத்தாமல் போனால் போதும் என்று 2,000 ரூபாய் கொடுத்து, அவர்கள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். மூன்று வருடம் தாண்டினால் கடன் செல்லாது என்று நண்பர் சொன்னதால் பயப்படவில்லை. இப்போது ஒரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனம், கடனை வங்கியிடமிருந்து வாங்கிவிட்டதாகச் சொல்லி 3,40,000 கேட்கிறது. ஒரே தவணையில் கட்டினால் 1,10,000 போதுமாம். லோக் அதாலத் நோட்டீசும் வந்திருக்கிறது. இந்த நிறுவனத்தோடு நான் எந்த ஒப்பந்தமும் போடவில்லை. மன உளைச்சலுக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி ஏஜென்ட் பேசிய பேச்சு. வருத்தம் புரிகிறது. ஆனால் வழக்கு என்று வந்தால் நீதிபதி படிக்கப்போவது ஒரே வரியைத்தான்: ‘அவர்கள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.’

நண்பர் சொன்ன மூன்று வருடக் கணக்கு பாதி உண்மை. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இப்படிப்பட்ட கடனுக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வெறும் நாள்காட்டியைப் பார்த்தால் உங்களுக்கு அது 2022 ஜூனோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கொரோனா காரணமாக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 மார்ச் நடுவில் உங்களுக்கு ஓடியிருந்தது சுமார் ஒன்பது மாதம். மிச்சம் இரண்டே கால் வருடம் 2022 மார்ச் 1 முதல் மறுபடி ஓடத் தொடங்கியது. ஆக கெடு 2024 மே, ஜூன் வரை உயிரோடு இருந்தது. நீங்கள் கையெழுத்துப் போட்டது 2023 நவம்பர். கெடு முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், 18-வது பிரிவுப்படி அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். அந்தத் தாள் கடனை ஒப்புக்கொள்ளும் தாளாக இருந்தால், 2026 நவம்பர் வரை அவர்கள் வழக்குப் போடலாம்.

‘வட்டி அநியாயம், இப்போது கட்ட முடியாது என்றுதானே எழுதினேன்’ என்று பலர் சொல்வார்கள். கட்ட மறுத்து எழுதினாலும், எந்தக் கடன் என்று துல்லியமாகக் குறிப்பிடாமல் எழுதினாலும், வங்கிக்கு இல்லாமல் வேறு யாருக்கோ எழுதினாலும் அது ஒப்புதல்தான் என்று அதே பிரிவின் விளக்கமே சொல்கிறது. கோபத்தில் அடிக்கும் மின்னஞ்சலையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலை ஒப்புதலாக ஏற்ற தீர்ப்பு இருக்கிறது.

கெடு உண்மையிலேயே முடிந்தவர்களும் நிம்மதியாகத் தூங்க முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 25(3), காலாவதியான கடனையும் கட்டுகிறேன் என்று எழுத்தில் உறுதி கொடுத்துக் கையெழுத்திட்டால் அது புதிய ஒப்பந்தம் என்கிறது. செத்த கடன் எழுந்து உட்காரும். என்னிடம் வந்த ஒருவர், கெடு முடிந்து வெகுநாள் ஆன கடனுக்கு ‘பாதிக்குப் பாதி முடித்துத் தருகிறோம்’ என்ற பேச்சை நம்பி ஆறு தவணைக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டு தவணைதான் கட்ட முடிந்தது. அந்தக் கடிதத்தின் கடைசிப் பத்தியில், பொடி எழுத்தில், ஒரு தவணை தவறினாலும் சலுகை ரத்து, முழுத் தொகையும் வட்டியோடு உடனே செலுத்த வேண்டும் என்று இருந்தது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது பழைய கடன்’ என்று நான் எப்படி வாதாடுவது?

எனவே முதல் வேலை, 2023-ல் போட்ட கையெழுத்தின் நகலையும், முழுக் கணக்கு விவரத்தையும், கடன் கைமாறியதற்கான ஆவணத்தையும் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் முதல் வரியே ‘எந்தக் கடனையும் ஒப்புக்கொள்ளாமல் இந்த விவரங்களைக் கேட்கிறேன்’ என்று இருக்கட்டும். வேலை போன கதை, அம்மா உடம்பு, ‘கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்’ எதுவும் அதில் வேண்டாம். நகல் வந்து பார்த்தால் அது வெறும் வருகைச் சீட்டாக இருக்கலாம். அப்படியானால் உங்கள் நிலை நன்றாக மாறும்; உடனே வக்கீலைப் பாருங்கள்.

அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லை என்பது வாதமே இல்லை. கடனை விற்க உங்கள் சம்மதம் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கைமாறிய நோட்டீஸ் உங்களுக்கு வந்துவிட்டது. இனி பழைய வங்கியில் போய்க் கட்டினால் அது கணக்கில் வராது.

ஏஜென்ட் விவகாரத்தை இரண்டு வரியில் முடிக்கிறேன். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்வது, உறவினரிடமும் நண்பரிடமும் கடனைச் சொல்லி அவமானப்படுத்துவது, இரண்டுமே ரிசர்வ் வங்கி விதிக்கு விரோதம். போன் பதிவோடு, அவர்களை அனுப்பிய வங்கியிடம் புகார் கொடுங்கள், 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனிடம் போங்கள். நஷ்டஈடு கிடைத்தாலும் கடனில் ஒரு ரூபாய் குறையாது. பேரம் பேசும்போது அந்தப் புகார் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். வட்டி விஷயத்திலும் அதே கதை: 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்ற தேசிய நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

லோக் அதாலத் நோட்டீஸ் சம்மன் அல்ல. போகாவிட்டால் உங்கள் மீது தீர்ப்பு வராது. போனால் ஆபத்து வேறு மாதிரி. அங்கே சமரசத்துக்குக் கையெழுத்துப் போட்டால் அது சிவில் நீதிமன்ற டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கூட்டத்தில், ‘சார், இன்னைக்கே முடிச்சிருவோம்’ என்ற அவசரத்தில், மாதம் பத்தாயிரம் கட்டுகிறேன் என்று தலையாட்டிவிட்டு வருகிறவர்கள் ஏராளம். கையில் பணம் இருந்தால் மட்டும் போங்கள்.

ஆனால் ஆர்பிட்ரேஷன், அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தீர்ப்புச் சொல்லும் முறை, அதற்கான நோட்டீஸ் வந்தால் ஒதுக்கி வைக்கவே கூடாது. கார்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலும் அந்த ஷரத்து இருக்கும். வழக்கில் ஆதாயம் உள்ள தரப்பே தனியாக நடுவரை நியமிக்க முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, நல்ல ஆயுதம். ஆனால் அவார்டு, அதாவது நடுவரின் தீர்ப்பு, நகல் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள், மிஞ்சிப்போனால் இன்னும் 30 நாளுக்குள், அதை எதிர்த்து மனுப் போட வேண்டும். அதற்குள் எழுந்திருக்காதவரின் சம்பளத்துக்கு ஜப்தி வரும். 40,000 சம்பளம் என்றால் முதல் 1,000-மும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் போக, மாதம் 13,000 வரை பிடிக்கலாம். அலுவலகத்துக்கு நீதிமன்ற உத்தரவு போகும்போதுதான் உண்மையான அவமானம் என்னவென்று தெரியும்.

2026 நவம்பர் வரை பதுங்கியிருந்து பார்க்கலாமே என்று யோசிப்பீர்கள். கெடு முடியும் மாதத்தில் வழக்குப் போடுவது அவர்களுக்குப் பழக்கம்தான். நமக்குத் தெரிந்த தேதி அவர்களுக்கும் தெரியும். அந்தத் தாள் ஒப்புதல்தான் என்று நகலில் தெரிந்தால், வழக்கு வேண்டாம், செட்டில்மென்ட் செய்யுங்கள். 1,10,000 அவர்களின் முதல் பேச்சு. அசலை ஒட்டி, 86,000 பக்கம் பேசிப் பாருங்கள். பணத்தை முதலில் திரட்டிக்கொண்டு அப்புறம் பேச உட்காருங்கள். தவணை வேண்டாம். செக் கொடுக்கவே வேண்டாம். பவுன்ஸ் ஆனால் அதுவரை சிவிலாக இருந்த விஷயம், செக் தொடர்பான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் கிரிமினலாகும். வங்கிக் கணக்கில் தானாகப் பிடிக்கும் மேண்டேட் திரும்பினாலும் அதே கதி.

நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், தொகை, தேதி, ‘இதோடு முழு பாக்கியும் தீர்ந்தது’ என்ற வாசகம் எல்லாம் இருக்கும் கடிதம் கைக்கு வராமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள். கடிதத்தில் சொன்ன நிறுவனக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். ஏஜென்டின் சொந்த யுபிஐ எண்ணுக்கு அனுப்பிவிட்டு, பிறகு இன்னொரு நிறுவனம் நோட்டீஸ் அனுப்பும்போது பழைய வாட்ஸ்அப்பைத் தேடுகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். சிபிலில் ‘செட்டில்டு’ என்று விழும், ‘குளோஸ்டு’ என்று வராது. சில வருடம் வீட்டுக் கடன் கிடைப்பது கஷ்டம். அதற்குத் தயாராக இருங்கள்.

மைத்துனரிடம் சொல்லிவிடுங்கள்: அவர் ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை இந்தக் கடனுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. இனி போன் வந்தால் ‘என்னிடம் பேச ஒன்றுமில்லை’ என்று சொல்லி வைத்துவிடட்டும். உங்களுக்காகப் பரிந்து பேசி, ‘அவர் கட்டிருவார்’ என்று மெசேஜ் எதுவும் அனுப்ப வேண்டாம்.